பெடல்போர்டா, ஒற்றைப் பெட்டியா? ஊர் ஊராக வாசிக்கப் போகிறவருக்கு ஒரு கணக்கு

மூன்றாவது பாட்டின் நடுவில் என் கிட்டார் சத்தம் நின்றுபோனது. கரகரப்பு இல்லை, மங்கல் இல்லை. ஒரு ஸ்ட்ரம்முக்கு இருந்தது, அடுத்ததற்கு இல்லை. டிரம்ஸும் பேஸும் போய்க்கொண்டிருந்தன. பாடகர் என் பக்கம் திரும்பாமலேயே ஒரு கையை விரித்து "என்னாச்சு?" என்றார். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காலடியில் இருந்த 11 பெடல்களையும் (கிட்டார் சத்தத்தை மாற்றும், காலால் மிதித்து இயக்கும் குட்டிப் பெட்டிகள்) பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. மின்சாரம் வருகிறது, சத்தம்தான் வழியில் எங்கேயோ நிற்கிறது. கிட்டார் கேபிளைப் பிடுங்கி வரிசையின் நடுவில் இருந்த கோரஸ் பெடலில் சொருகினேன், சத்தம் வந்தது. அப்படியானால் கோளாறு முதல் பாதியில். இன்னும் இரண்டு தடவை பிடுங்கிச் சொருகியதில் அகப்பட்டுவிட்டது: வா, ஓவர்டிரைவ் என்கிற இரண்டு பெடல்களுக்கு நடுவில் கிடந்த, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பேட்ச் கேபிள். அதற்குள் பாட்டு முடிந்து, கைதட்டலும் கேட்டது. கிட்டார் இல்லாததை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று யாரிடமும் கேட்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

அன்று இரவு வண்டியில் அடுத்த ஊருக்குப் போகும்போது தொடங்கிய கணக்குதான் இது. எதில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துத்தான் எல்லோரும் பெடல் வாங்குகிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான். ஆனால் சுற்றுப்பயணத்தில் இருப்பவர் ஒரு நாளில் மேடையில் நிற்பது ஒன்றரை மணி நேரம். மீதி இருபத்திரண்டரை மணி நேரமும் அந்தப் பெட்டி தூக்கப்படுகிறது, அடுக்கப்படுகிறது, எக்ஸ்ரேயில் போகிறது, டிக்கியில் குலுங்குகிறது, யாராவது அதன்மேல் சிம்பல் ஸ்டாண்டை வைக்கிறார்கள். தேர்வை அந்த இருபத்திரண்டரை மணி நேரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. தனித்தனி பெடல்களைப் பலகையில் அடுக்கி, கேபிளால் கோத்து, ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) அனுப்புவது பழைய வழி. ஆம்ப், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), மைக், பெடல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கணக்கால் போலச் செய்துகாட்டும் மாடலர் என்கிற ஒற்றைப் பெட்டியை நேராக மிக்ஸருக்கு அனுப்புவது இரண்டாவது. இரண்டையும் கலந்து, பிடித்த இரண்டு மூன்று பெடலும் கைக்கு அடக்கமான ஒரு மாடலருமாகப் போவது மூன்றாவது. வெறும் கிட்டாரோடு போய், இருப்பதை வாடகைக்கு எடுத்து வாசித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, பொறாமை மட்டும்தான் எனக்கு.

சத்தத்தைப் பற்றிய சண்டையை முதலிலேயே முடித்துவிடலாம். 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்கிற மாடலர் வந்தபோது, "வீட்டில் பழக நன்றாக இருக்கும்" என்று சொன்னோம். 2006-ல் ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ் எஃப்எக்ஸ், 2015-ல் ஹீலிக்ஸ், 2021-ல் குவாட் கார்டெக்ஸ் என்று வந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 2013 டிசம்பரில் மெட்டாலிகா அன்டார்க்டிகாவில் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் வாசித்தார்கள். வெளியே சத்தம் போகக்கூடாது என்பதால் மேடையில் ஸ்பீக்கரே கிடையாது. கேட்டவர்கள் காதில் ஹெட்ஃபோன். அங்கே கைகொடுத்தது ஆக்ஸ் எஃப்எக்ஸ்தான். பிறகு வந்த பயணங்களிலும் அவர்கள் அதை விடவில்லை. ஆம்ப்புகளைச் சுவர்போல அடுக்கி வைத்தே பேர் வாங்கிய ஒரு குழுவுக்கு இது போதும் என்றால், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியும் என்று நான் வாதாட மாட்டேன்.

வாசிப்பவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. தாமதத்தைத்தான் பலரும் குற்றமாகச் சொல்கிறார்கள். நல்ல மாடலரில் கம்பியைத் தட்டியதற்கும் சத்தம் வெளியே வருவதற்கும் இடையே 2, 3 மில்லிசெகண்ட் ஆகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் பிடிக்கும். ஆகவே மாடலரின் தாமதம் என்பது ஆம்ப்பை விட்டு ஒரு எட்டு தள்ளி நிற்பது மாதிரிதான். ஆனால் கிட்டாருக்கு ஒரு டிஜிட்டல் வயர்லெஸ், பிறகு மாடலர், பிறகு டிஜிட்டல் மிக்ஸர், அதிலிருந்து காதுக்கு வரும் மானிட்டர் என்று சங்கிலி நீண்டால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒன்றிரண்டைச் சேர்க்கும். விரலுக்கும் காதுக்கும் நடுவில் ஏதோ மெத்தை வைத்ததுபோல் உறுத்தினால், மாடலரைத் திட்டும் முன் சங்கிலியை எண்ணிப் பாருங்கள்.

பெடல் இன்னும் கெட்டியாக நிற்கிற இடம் ஒன்று உண்டு: ஃபஸ், அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரவென்று இரைச்சலாக்கும் பெடல். 1966-ல் வந்த வட்டமான ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய சர்க்யூட்டில் கிட்டாரின் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) பெடலும் ஒரே சர்க்யூட்டாகச் சேர்ந்துவிடுகின்றன. கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் போதும், இரைச்சல் போய் கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம் வரும். சுண்டுவிரலால் வால்யூம் குமிழை உருட்டிக்கொண்டே ஒரு பாட்டு முழுக்க நான்கு விதமான சத்தம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடலர்கள் இதையும் இப்போது ஓரளவு செய்கின்றன. ஆனாலும் விரலுக்கடியில் அந்த உயிர் எனக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. இது என் விரலின் குறையாகவும் இருக்கலாம்.

அதே ஃபஸ்தான் பயணத்தில் காலை வாரியும் விடும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடி, பயாஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்யும் மின்நிலை) நகர்ந்து, காலையில் சவுண்ட் செக்கில் தேனாக ஒழுகியது மாலை வெயிலில் திறந்தவெளி மேடையில் கிழிந்த பேப்பர் மாதிரி ஒலிக்கும். பழைய வகையில் பல பாசிட்டிவ் கிரவுண்ட் (பிளஸ் முனை கிரவுண்டோடு சேர்ந்தவை) வேறு. மற்ற பெடல்களோடு ஒரே மின்கம்பியில் சேர்த்தால் ஷார்ட் ஆகும். அதற்கென்று தனி இணைப்பு, இல்லாவிட்டால் பேட்டரி. முன்னால் பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தும் சர்க்யூட்) உள்ள பெடல் இருந்தாலும் அதற்குப் பிடிக்காது, ட்யூனருக்கும் முன்னால் உட்கார்த்த வேண்டும். இவ்வளவு கொஞ்சலையும் தாங்குகிறவர் மட்டும் கொண்டுபோங்கள். சிலிக்கான் ஃபஸ் இவ்வளவு படுத்தாது.

இனி என் பேட்ச் கேபிளுக்கு வருகிறேன். 10 பெடல் உள்ள ஒரு போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல்களுக்கு நடுவே 9 பேட்ச் கேபிள், அதற்கு 18 முனை. கிட்டாரிலிருந்து உள்ளே வருவது ஒன்று, ஆம்ப்புக்குப் போவது ஒன்று; ஆக 20. ஒவ்வொரு பெடலுக்கும் மின்கம்பி, இரண்டு பக்கமும் எண்ணினால் இன்னொரு 20. மொத்தம் 40 இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு, 600 கிலோமீட்டர் சாலைக் குலுக்கலிலும் விலகாமல் இருக்க வேண்டும். ஒற்றைப் பெட்டியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. கோளாறு வருகிற வாய்ப்பில் ஒற்றைப் பெட்டி சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது.

ஆனால் கோளாறு வந்த பிறகு? இங்கே கதை திரும்புகிறது. போர்டில் ஒரு பெடல் செத்தால் அதைத் தாண்டிக் கேபிளைச் சொருகிவிட்டு ஒன்பதோடு வாசிக்கலாம். மாடலர் செத்தால் ஆம்ப்பும் சேர்ந்து செத்தது. கையில் இருப்பது மரத்துண்டு. ஓவர்டிரைவ் தொலைந்தால் அன்று மாலைக்குள் யாரிடமாவது ஒன்று இரவல் கிடைக்கும். பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் 1978 முதல் கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருக்கிறது, ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பச்சைப் பெடல் இல்லாத கிட்டார்க் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் மாடலர் தொலைந்தால் அதே மாடலர் வைத்திருக்கும் ஆள் வேண்டும், அவர் அதை உங்களுக்குத் தர வேண்டும், உங்கள் ப்ரீசெட்கள் (சேமித்து வைத்த சத்த அமைப்புகள்) யுஎஸ்பி குச்சியிலோ லேப்டாப்பிலோ இருக்க வேண்டும், இரண்டு பெட்டியிலும் ஒரே ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) இருக்க வேண்டும். பெரிய குழுக்கள் இதற்காகத்தான் ஒரே மாதிரி இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு சுற்றுகின்றன. ஒன்று ஓடும், இன்னொன்று காத்திருக்கும்.

போர்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மார்தட்ட வேண்டாம். 10 பெடலுக்கும் மின்சாரம் தருவது ஒரே ஒரு பவர் சப்ளை. அது போனால் பத்தும் போயிற்று.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பெடல் விஷயத்தில் நான் பார்த்த விபத்துகளில் பாதி இங்கேதான் நடந்தன. பெரும்பாலான பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டி.சி., நடு ஊசி நெகட்டிவ். பெரும்பாலான என்பதைக் கவனியுங்கள். சிலது 12 கேட்கும், சிலது 18. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோவால் புகழ்பெற்ற, 1989-ல் வந்த, சுருதியை ஏற்றி இறக்கும் வாமி பெடலின் பழைய வடிவங்கள் 9 வோல்ட் ஏ.சி. கேட்பவை. அந்த ஏ.சி. அடாப்டரின் முனை மற்ற பெடலிலும் ஒழுங்காகப் பொருந்தும் என்பதுதான் கொடுமை. அவசரத்தில் மாற்றிச் சொருகினால் ஒரு மெல்லிய வாசனை வரும், அவ்வளவுதான். நான் அந்த அடாப்டரின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்தது மில்லிஆம்ப். ஒரு சாதாரண ஓவர்டிரைவ் 10 மில்லிஆம்ப்கூடக் குடிக்காது. ஒரு டிஜிட்டல் ரிவெர்ப் 300 குடிக்கும். 100 தருகிற துளையில் 300 கேட்கிற பெடலைச் சொருகினால் விளக்கு எரியும், சத்தம் விட்டுவிட்டு வரும், நீங்கள் கேபிளைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் வீணாகும். எல்லாவற்றையும் ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரி கோக்கும் கம்பி வீட்டுக்குச் சரி. மேடையில் டிஜிட்டல் பெடலின் கீச்சொலி அந்தக் கம்பி வழியாக ஓவர்டிரைவுக்குள் புகுந்து பெரிதாகும். ஒவ்வொரு துளையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளையை வாங்குங்கள். போர்டில் எதில் கஞ்சத்தனம் பண்ணினாலும் இதில் பண்ணாதீர்கள்.

நாடு தாண்டுகிறவர் பவர் சப்ளையின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கேயும் போகலாம், சுவர் முனைக்கு மட்டும் மாற்றி போதும். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையை 230 வோல்ட் சுவரில் மாட்டினால் அந்தப் பயணத்தின் கடைசி நாள் அதுதான். மாடலர்களில் பெரும்பாலானவை இந்த விஷயத்தில் எந்த நாட்டுச் சுவருக்கும் தயாராகவே வருகின்றன. ஒற்றைப் பெட்டிக்கு இன்னொரு மதிப்பெண்.

இப்போது பாரம். ஒரு சின்னப் பெடல் 400 கிராம் என்று வையுங்கள். பத்துக்கு 4 கிலோ. வா அல்லது வால்யூம் பெடல் இருந்தால் அது தனியாகவே ஒன்றரை கிலோ. அலுமினியப் பலகை, பவர் சப்ளை, கேபிள், இதையெல்லாம் காக்கும் ஃப்ளைட் கேஸ் எல்லாம் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பல விமான நிறுவனங்கள் கையில் கொண்டுபோக விடுவது 7 கிலோ, கீழே போடுவதற்கு 23. அந்த 23-ல் பெடல்போர்டு 15 எடுத்துக்கொண்டால் உங்கள் துணிமணிக்கு மிச்சம் எட்டு. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற சின்ன மாடலர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், தோள்பையில் சட்டைக்கு நடுவில் போய்விடும். ஹீலிக்ஸின் பெரிய தரை வடிவம் 6 கிலோவுக்கு மேல். "ஒற்றைப் பெட்டி என்றால் லேசு" என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

கையில் கொண்டுபோனாலும் சோதனையில் நிறுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் பெடல்போர்டு எப்படித் தெரியும் என்று ஒருமுறை எட்டிப் பார்க்க நேர்ந்தது: குட்டிக் குட்டி டப்பாக்கள், எல்லாவற்றையும் இணைக்கும் கம்பி, ஒரு ஓரத்தில் மின்கலம். நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். அந்த அதிகாரி ஒவ்வொரு பெடலாகத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டார். கோரஸ் என்றால் என்ன என்று நான் வாயால் ஒலி எழுப்பிக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ரசிக்கவில்லை. சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியில் ஓடும் போர்டு வைத்திருந்தால் பேட்டரி 100 வாட்-மணிக்குள் (Wh) இருக்க வேண்டும். அதற்கு மேல் 160 வரை முன்கூட்டியே நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். தனியாகக் கழற்றிய பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், கீழே போடும் பெட்டியில் கூடாது.

சுங்கம் இன்னொரு கதை. வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் கருவிகளுக்கு வரி கட்டாமல் நாடுகளுக்குள் போய்வர ஏடிஏ கார்னே என்கிற ஆவணம் இருக்கிறது. ஒரு வருடம் வரை செல்லும், ஏற்றுக்கொள்ளும் நாடுகள் பல. அதில் ஒவ்வொரு பொருளும் வரிசையாக, எடை, மதிப்பு, எங்கே செய்தது, சீரியல் எண் இருந்தால் அதுவும் சேர்த்து எழுதப்பட வேண்டும். ஒற்றைப் பெட்டி என்றால் ஒரு வரி. போர்டு என்றால் பதினொன்று, பன்னிரண்டு வரி. பயணத்தின் நடுவில் ஆசைப்பட்டு ஒரு பெடல் வாங்கினீர்களா? அது பட்டியலில் இல்லை. ஒரு பெடலை விற்றுவிட்டீர்களா? பட்டியலில் இருப்பது கையில் இல்லை. இரண்டும் எல்லையில் விளக்க வேண்டிய சங்கதிகள். பெடல் பைத்தியம் பிடித்தவர்கள் பயணத்தில் கடைப்பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மேடைக்கு ஏறுவோம். நான்கைந்து குழு அடுத்தடுத்து வாசிக்கும் விழாவில் உங்களுக்கு யாரோ ஒருவரின் ஆம்ப்தான் கிடைக்கும். வீட்டில் உங்கள் ஆம்ப்போடு பட்டாக இருந்த ஓவர்டிரைவ், இங்கே தேனீப் பெட்டியாகிவிடும். ஓவர்டிரைவ் பெடல் தனியாக ஒரு சத்தமே கிடையாது, ஆம்ப்போடு சேர்ந்துதான் சத்தம். ஆகவே பெடல்காரர் ஒவ்வொரு ஊரிலும் குமிழ்களைத் திருப்பிப் புதிதாகத் தேட வேண்டும். வரிசையின் கடைசியில் ஒரு ஈக்யூ பெடலை (அடி, நடு, உச்சி அளவுகளைத் திருத்துவது) வைத்து அந்த ஊர் ஆம்ப்புக்கான திருத்தத்தை எல்லாம் அதில் மட்டும் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்திசாலித்தனம், நானும் திருடிக்கொண்டேன். மாடலர்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் ஆம்ப் அவர் பெட்டிக்குள். நேற்று இருந்த சத்தம்தான் இன்றும், சவுண்ட் எஞ்சினியருக்கும் அது பிடிக்கும், பாடகரின் மைக்குக்குள் கிட்டார் ஆம்ப் கொட்டாது.

ஆனால் மாடலரில் வேறு ஒரு பொறி உண்டு, முதல் பயணத்தில் எல்லோரும் விழுவது. வீட்டில் ராத்திரி ஹெட்ஃபோனில், மெல்லிய சத்தத்தில் உட்கார்ந்து ப்ரீசெட் செய்கிறோம். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சுருதியும் உச்சியும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. குறைவாகக் கேட்பதால் இரண்டையும் ஏற்றி வைக்கிறோம். அதே ப்ரீசெட் மேடையில் பெரிய ஸ்பீக்கரில் வரும்போது கீழே குமுறும், மேலே காதைக் கிழிக்கும், கிட்டாரின் உடம்பான நடுப்பகுதி மட்டும் பேஸுக்கும் சிம்பலுக்கும் இடையில் காணாமல் போயிருக்கும். பரிகாரம்: மேடைச் சத்தத்தில், முழுக் குழுவோடு, குறைந்தது ஒரு ஒத்திகையாவது பார்த்துச் செய்த ப்ரீசெட்டை மட்டும் பயணத்துக்கு எடுத்துப்போவது. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஃபர்ம்வேர் அப்டேட் செய்வதும் கூடவே கூடாது. புதிய ஃபர்ம்வேர் எவ்வளவு ஆசை காட்டினாலும் திரும்பி வந்து செய்துகொள்ளலாம்.

வெயிலில் திரை தெரியாதது, மிக்ஸரிலிருந்து தவறுதலாக வரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக்குகளுக்காக அனுப்பப்படும் மின்சாரம்) சில பெட்டிகளின் வெளியீட்டுக்கு ஒத்துக்கொள்ளாதது என்று சில்லறைத் தொல்லைகளும் உண்டு. இரண்டாவதற்கு நடுவில் நல்ல ஐசொலேட்டிங் டிஐ பாக்ஸ் (இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் குட்டிப் பெட்டி) ஒன்று போதும். கிரவுண்ட் லூப்பால் வரும் ரீங்காரத்தையும் அது பெரும்பாலும் வெட்டிவிடும்.

கால்வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரணத்திலிருந்து சோலோவுக்குப் போகும்போது கோரஸை அணைத்து, பூஸ்ட்டை ஏற்றி, டிலேயைப் போட்டு என்று மூன்று மிதி மிதிக்க வேண்டிய நிலைமை பாடிக்கொண்டே வாசிக்கிறவருக்கு நரகம். இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் பாப் பிராட்ஷா. 80-களில் அவர் கட்டிய ஸ்விட்சிங் அமைப்புகளில் பெடல்கள் எல்லாம் பின்னால் ரேக்கில் இருக்கும், காலடியில் வெறும் பொத்தான்கள். ஒரு மிதியில் நான்கு மாறும். 1983-ல் மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வந்தது இந்த வேலையை இன்னும் எளிதாக்கியது. இன்றைய லூப் ஸ்விட்சர்கள் அதையே பலகையளவில் செய்கின்றன. தனிப் பெடல்களை விட மனமில்லாதவர்களுக்கு நல்ல வழி, ஆனால் நான் எண்ணிய 40 முனை இங்கே 60 ஆகும், பாரம் இன்னும் இரண்டு கிலோ ஏறும். சொந்த டெக்னீஷியன் உள்ளவர்களுக்கான வசதி என்றே இதை நான் பார்க்கிறேன். எல்லோருக்கும் இத்தனை மாற்றம் வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதுதான். டாம் மொரெல்லோ ஒரு வா, ஒரு வாமி, டிலே என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெடல்களோடு பல பத்தாண்டுகளாக உலகத்தைச் சுற்றுகிறார். அவரிடம் சத்தத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை.

நீளமான கேபிளும் பஃபரும் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் கொள்ளளவு உடையது. கிட்டாரிலிருந்து 6 மீட்டர், போர்டிலிருந்து ஆம்ப்புக்கு இன்னொரு 6 மீட்டர் என்றால் உச்சிச் சத்தம் மழுங்கும். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் என்று பெருமைப்படுகிற போர்டில்தான் இது மோசமாகத் தெரியும், அணைத்து வைத்த பெடல் வெறும் கம்பியாகிவிடுவதால். வரிசையின் தொடக்கத்தில் (ஃபஸ் இருந்தால் அதற்குப் பிறகு) ஒரு நல்ல பஃபர் போதும். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோருக்குப் போர்டு கட்டிய பீட் கார்னிஷ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். கிட்டாரிலிருந்து நேராக மாடலருக்குள் போகிறவர்களுக்கு முதல் கேபிளோடு இந்தக் கவலை முடிந்துவிடும்.

சரி, யாருக்கு எது? சொந்தக் குழு, சொந்த வேன், ஒவ்வொரு ஊரிலும் அதே ஆம்ப் என்றால் போர்டைத் தொடாதீர்கள். அதன் குறைகள் எல்லாம் பறக்கும்போதும் பிறர் ஆம்ப்பில் வாசிக்கும்போதும் வருபவை. இன்று ஒரு பாடகர், நாளை இன்னொருவர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், அவரவர் பாட்டுக்கு அவரவர் சத்தம் தர வேண்டியவருக்கு மாடலர்தான். 40 பாட்டுக்கு 40 ப்ரீசெட்டைப் பாட்டு வரிசைப்படி அடுக்கி ஒரே பொத்தானால் நகர்த்துவதைப் பெடல்களால் செய்யவே முடியாது. பேஸ் வாசிப்பவர்கள் ட்யூனர், ஒரு கம்ப்ரெஸர், ஒரு ப்ரீஆம்ப் டிஐ மூன்றோடு முடித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இதெல்லாம் எப்போதும் எளிது.

நான் இப்போது தூக்கிக்கொண்டு போவது மூன்றாவது வழி. இடப்பக்கம் ட்யூனர், பிறகு ஒரு ஓவர்டிரைவ், ஒரு சிலிக்கான் ஃபஸ், வலப்பக்கம் ஒரு சின்ன மாடலர். விரலுக்குப் பதில் சொல்ல வேண்டிய இரைச்சல் வகைகள் பெடலாகவே இருக்கின்றன; டிலே, ரிவெர்ப், கோரஸ், ஆம்ப், கேபினெட் எல்லாம் மாடலருக்குள். ட்யூனரை நான் முதலில் வைத்திருக்கிறேன். என் ஃபஸ்ஸுக்கு அது ஒத்துப்போகிறது, உங்களுடையது முரண்டு பிடித்தால் இடம் மாற்றுங்கள். மொத்தமும் நான்கரைக் கிலோ, கைப்பையில் போகிறது. முனைகள் 40-லிருந்து 16-க்கு இறங்கிவிட்டன. மாடலர் இறந்தால் அதை விட்டுவிட்டு ஓவர்டிரைவிலிருந்து நேராக அந்த ஊர் ஆம்ப்புக்குள் சொருகி நிகழ்ச்சியை முடிப்பேன். பெடல் இறந்தால் மாடலருக்குள் இருக்கும் ஓவர்டிரைவ். இந்த மாற்றுப் ப்ரீசெட்டைக் கடைசி இடத்தில், "அவசரம்" என்று பேர் வைத்துச் சேமித்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு உலகத்தின் பழக்கமும் வேண்டும், ஃபஸ்ஸின் குமிழையும் திருப்ப வேண்டும், மாடலரின் மெனுவையும் தோண்ட வேண்டும். பெடல்காரர்கள் "பாதி வேஷம்" என்கிறார்கள், மாடலர்காரர்கள் "எதற்கு இந்தத் தகரம்?" என்கிறார்கள். பையின் பக்கவாட்டில் இரண்டு பேட்ச் கேபிள், ஒரு நீளக் கேபிள், சிவப்பு டேப், டார்ச், ஒரு உதிரி அடாப்டர் எப்போதும் இருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். கடைசி ஒத்திகையில், நீங்கள் பார்க்காதபோது ஏதாவது ஒரு கேபிளைப் பிடுங்கிவிடச் சொல்லி டிரம்மரிடம் சொல்லிவையுங்கள். டிரம்மர்கள் இந்த வேலையை மிகவும் விருப்பத்தோடு செய்வார்கள். சத்தம் நின்றதும் கடிகாரத்தைப் பார்க்கட்டும். 11 பெடலோடு முதல் தடவை எனக்கு நான்கு நிமிடம் ஆனது, போன மாதம் 25 விநாடி. அதிலும் 10 விநாடி டார்ச்சைத் தேடுவதற்கு.